கண்ணாடி அறைக்குப் போன வெர்லன் டாக்கெட்

இலையுதிர்காலத்தில் சனிக்கிழமையாகப் பார்த்துக் கல்யாணம் வைப்பவர்களை அலபாமாவின் மார்பரியில் நாங்கள் மன்னிப்பதில்லை. வெர்லன் டாக்கெட் தன் சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கே போகவில்லை. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி முன்னேறும் அமெரிக்கக் கால்பந்தில் எங்கள் பல்கலைக்கழக அணியான நீர்நாய்களுக்கு அன்றைக்கு ஆட்டம் இருந்தது. தோற்றார்கள். தங்கை பிற்பாடு விவாகரத்து செய்துகொண்டாள். அதனால் தான் எடுத்த முடிவு சரிதான் என்று வெர்லன் இன்றைக்கும் நம்புகிறார்.

தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மர வீடுகளுக்கு அடியில் தவழ்ந்து போய்க் கரையான் மருந்து அடிப்பது அவர் தொழில். பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை. அதன் நூலகம் எந்தப் பக்கம் என்று கேட்டால் மைதானத்தைக் காட்டுவார். மூன்று வருடமாக அணி தோற்றுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பயிற்சியாளர் ஸ்டாகில், "சரியான திசையிலதான் போயிட்டிருக்கோம்" என்பார். வெர்லனுக்கு அந்தத் திசை எது என்பதில்தான் சந்தேகம்.

வியாழன்தோறும் கெளுத்தி மீன் வறுவல் கடையில் ஸ்டாகிலை மேடையில் உட்காரவைத்து, ஹாலிஸ் என்பவர் உள்ளூர் வானொலியில் நேரலை நடத்துவார். சாப்பிட வந்தவர்கள் கேள்வி கேட்கலாம். வீட்டிலிருந்தும் போன் செய்யலாம். ஒரு வியாழன் வெர்லன் எழுந்து மைக்கை வாங்கினார்.

"கோச், போன சனிக்கிழமை நாலாவது முயற்சி, அதுதான் கடைசி. ஒரே ஒரு கஜம் முன்னாடி போனா பந்து நம்மகிட்டயே இருக்கும். நம்ம பசங்க ஒவ்வொருத்தனும் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கானுங்க. நீங்க என்னடான்னா பந்தை உதைச்சு எதிரணிகிட்டயே குடுத்துட்டீங்க. ஏன் சார்?"

"நல்ல கேள்வி, வெர்லன். நாம இங்க ஒரு பண்பாட்டைக் கட்டிக்கிட்டிருக்கோம்."

"கட்டுங்க, வேணாங்கல. அதை ஒரு கஜம் தள்ளிக் கட்டக்கூடாதா?"

கடை அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவருக்குக் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது. மறுநாள் அலபாமா முழுக்க அந்தப் பேச்சு ஓடியது. அடுத்த ஆட்டத்தில் பாதி மைதானம் "ஒரு கஜம்" என்று அச்சடித்த பனியனோடு உட்கார்ந்திருந்தது.

அந்த ஆட்டம் பழைய மாணவர்கள் கூடும் விழா நாள் ஆட்டம். சும்மா தோற்றுவிட்டுப் போகட்டும் என்று பணம் கொடுத்து வரவழைத்த சின்னக் கல்லூரி அணி, பணத்தையும் வாங்கிக்கொண்டு எங்களையும் அடித்துவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டாகிலை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தம் அப்படியாம், வேலை பார்த்ததற்குக் கொடுத்ததைவிட வேலை பார்க்காமலிருக்க அவருக்குக் கொடுத்தது அதிகம். அவர் ஏரிக்கரையில் வீடு வாங்கினார்.

ஸ்டாகிலைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தவர் விளையாட்டுத் துறை இயக்குநர் வெக்ஸ்லர். அவரை யாரும் அனுப்பவில்லை. அவரே அடுத்தவரையும் தேடப் புறப்பட்டார். ஒரு நாள் வெர்லன் ஏதோ ஒரு வீட்டுக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தபோது, திறப்புக்கு வெளியே பளபளப்பான இரண்டு ஷூக்கள் வந்து நின்றன.

"டாக்கெட் சார், உள்ளதான் இருக்கீங்களா?"

"இருக்கேன். யாரு?"

"வெக்ஸ்லர். ரசிகர்களோட குரல் எங்களுக்கு ரொம்ப முக்கியம் சார்."

"இவ்வளவு நாள் காது கேக்கலையா?"

"இப்ப கேக்குது. புது கோச்சைத் தேர்ந்தெடுக்கிற குழுவில நீங்கதான் ரசிகர் பிரதிநிதி."

வெர்லன் எழுந்திருக்கப் பார்த்தார். தலை தரைப்பலகையில் இடித்தது.

அவர் மனைவி நேடீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகள் போடும் கூச்சலில், எவன் பொய் சொல்கிறான் என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

"உன் வாயை அடைக்கத்தான் கூப்பிடறாங்க, வெர்லன்."

"வாயை அடைக்கிறதுக்கு யாராச்சும் கோட்டு தைச்சுக் குடுப்பாங்களா?"

"கோட்டு வேறயா?"

பச்சைக் கோட்டு. பையில் நீர்நாய் படம் தங்க நூலில் தைத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வெர்லன் குழுவில் போய் உட்கார்ந்தார். ஆள் தேடிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்று கெல்டன் என்ற இளைஞரை அழைத்து வந்தது. வெற்றிக்கு ஐந்து தூண்கள் என்று அவர் படம் போட்டுக் காட்டினார். ஐந்தாவது தூண் என்ன என்று ஒரு பேராசிரியர் கேட்க, "முதல் நாலையும் நம்பறது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். வெர்லனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெக்ஸ்லர் அவர் பக்கம் சாய்ந்து, "உங்களுக்குத்தான் ஆட்டம் தெரியும், நீங்க சொல்லுங்க" என்றார். வாழ்க்கையில் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. "ஆள் நல்லா நிமிந்து நிக்கிறாரு" என்றார் வெர்லன். கெல்டன்தான் புதுப் பயிற்சியாளர் என்று முடிவாகிவிட்டது.

அடுத்த ஆட்டப் பருவத்தில் வெர்லனுக்கு மைதானத்தின் உச்சியில் கண்ணாடி அறையில் இடம் கிடைத்தது. அங்கே இறாலும் மெத்தை நாற்காலியும் உண்டு. கீழே கத்துவது மேலே கேட்காது. முதல் ஆட்டத்தில் வெர்லன் ஒரே ஒரு முறை கத்தினார். நன்கொடையாளர் ஒருவரின் மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் கத்தவில்லை.

கெல்டனும் தோற்றார். முன்பெல்லாம் ஒரு பாணியில் தோற்றோம், இப்போது ஐந்து பாணியில் தோற்றோம். தேவாலய வாசலில் ஆட்கள் வெர்லனை மடக்கினார்கள். "பொறுமை வேணும், உள்ள நடக்கிறது உங்களுக்குத் தெரியாது" என்றார் அவர். வீட்டுக்கு வரும் வழியில் நேடீன் வண்டிக் கண்ணாடியைத் திருப்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அக்டோபரில் ஒரு வியாழன், மீன் கடை மேடையில் கெல்டனுக்குப் பக்கத்தில் வெர்லனையும் உட்காரவைத்தார்கள். ஹாலிஸ் போனை எடுத்தார். "யார் பேசறது?"

"நேடீன் டாக்கெட். கேள்வி கோச்சுக்கு இல்ல, பச்சைக் கோட்டுக்கு."

வெர்லன் கழுத்துப் பட்டனைக் கழற்றினார்.

"இந்த ஆளை எதுக்குங்க தேர்ந்தெடுத்தீங்க?"

"நேடீன், இதெல்லாம் ஒரே நாள்ல நடக்கிற காரியம் இல்ல..."

"நான் கேட்டது அது இல்ல. ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

வெர்லன் கெல்டனைப் பார்த்தார், பிறகு தட்டிலிருந்த மீனைப் பார்த்தார்.

"தெரியல," என்றார். "என்னைக் கேட்டாங்க. சந்தோஷமா இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. கெல்டன் மட்டும் அவர் தோளைத் தட்டினார். அந்தப் பிள்ளையும் தன் தட்டைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் வெர்லன் கண்ணில் பட்டது.

மறுநாள் கோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பல்கலைக்கழகம் அறிக்கை விட்டது: திரு. டாக்கெட்டின் சேவைக்கு நன்றி. பயிற்சியாளர் தேர்வு ரசிகர் பிரதிநிதியின் பரிந்துரைப்படியே நடந்தது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

சனிக்கிழமை வெர்லனும் நேடீனும் கீழே, மழையில், எங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். "இறால் தீந்துடுச்சா வெர்லன்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். அவர் அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தை அவனிடம் நீட்டினார். அன்றும் தோற்றோம். அதற்கடுத்ததும் தோல்விதான்.

பருவத்தின் கடைசி ஆட்டத்தில், முடியப்போகிற நேரம், எதிரணிக்காரன் ஒருவன் தானாகவே வழுக்கி விழுந்து பந்தை விட்டான். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி உருண்ட அதன்மேல் எங்கள் பையன் ஒருவன் போய் விழுந்தான், அதற்குப் புள்ளிகள் உண்டு. ஜெயித்துவிட்டோம். வெர்லன் நேடீனைத் தூக்கிச் சுற்றினார். முன்பின் தெரியாத ஒருவரை முத்தமிட்டார். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது.

திங்கட்கிழமை பல்கலைக்கழகம், அணி எழுச்சி பெற்றுவிட்டதால் கெல்டனின் ஒப்பந்தத்தையும் வெக்ஸ்லரின் ஒப்பந்தத்தையும் நீட்டிப்பதாக அறிவித்தது. வெர்லன் அதைத் தன் வேலை வண்டியில் போகும்போது வானொலியில் கேட்டார். திட்டலாம் என்று வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அப்படியே வண்டியைத் திருப்பி, அடுத்த பருவத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.