முப்பத்தாறு கிலோ

தராசு என்பது கொழுந்தன் வைத்த பெயர். கேலிக்காகத்தான் வைத்தான். பெயரோ அவனைவிட நன்றாக உழைத்தது. லாரி டிரைவரிலிருந்து அரங்கத்து எலக்ட்ரீஷியன் வரை எல்லோருக்கும் இப்போது அவள் தராசக்காதான். வீட்டுக்குப் புது மிக்ஸி வந்தால் மற்றவர்கள் விலை கேட்பார்கள். அவள் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்வாள். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிற எண்ணுக்கும் அவள் சொன்னதற்கும் நூறு கிராம் வித்தியாசம் இருந்தால், அட்டைப்பெட்டியையும் சேர்த்துச் சொல்லிவிட்டோம் என்று திருத்திக்கொள்வாள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒன்பது வருடம் லாரி எடைமேடையில் வேலை. ஊருக்கு வெளியே ஒரு கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, சிவப்பு எண்கள் மினுங்கும் ஒரு பெட்டி. லாரிக்காரர்கள் செய்யாத தில்லுமுல்லு இல்லை. சரக்கோடு நிற்கும்போது தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலியாக இருக்கும். இடையில் தண்ணீரும் சரக்கு விலைக்கே போயிருக்கும். வெறும் லாரி என்று ஒருமுறை ஒருவன் மேடையில் ஏற்றினான். எண்ணைப் பார்த்தவள் ஜன்னலைத் திறந்து, "தார்ப்பாய்க்குக் கீழ அறுபது கிலோ தூங்குது, எழுப்பி இறக்குங்க" என்றாள். கிளீனர் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினான். எண் ஒத்துவராவிட்டால் அதற்கு ஒரு காரணம் எங்காவது மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் என்பது அன்றைக்கு அவளுக்குள் உட்கார்ந்துவிட்டது.

பிறகு கணவனான சவுண்டுக்காரனை முதலில் பார்த்ததும் அந்த ஜன்னல் வழியாகத்தான். வேன் நிறைய ஸ்பீக்கர் பெட்டிகளோடு வந்து, மெஷின் தப்பு என்று கால் மணி நேரம் வாதாடினான். "கொஞ்சம் வண்டியவிட்டு இறங்கி நின்னு வாதாடுங்க" என்றாள். இறங்கினான். எண் சரியாகிவிட்டது. அன்றைக்கு அவன் எடை எழுபத்தொன்று. இப்போது எவ்வளவு என்பதை அவள் வெளியில் சொல்வதில்லை.

அதுவரை அவன் பெட்டிகளை மேடையின் இரண்டு பக்கமும் அடுக்கித்தான் வைத்துக்கொண்டிருந்தான். முன் வரிசைக்காரர்களுக்குக் காது வலிக்கும், பின் வரிசைக்காரர்களுக்கு ஒன்றும் கேட்காது. பிறகு, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுகிற வகையில் எட்டுப் பெட்டிகள் வாங்கினார்கள். கூடவே தலையணை கனத்தில் ஒரு புத்தகம் வந்தது. வீட்டில் அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தவள் அவள் ஒருத்திதான். படித்து முடித்ததும், "இத நீங்க தொங்கவிட வேணாம். நான் கத்துக்கிட்டு வர்றேன்" என்றாள். வேறு ஊரில் ஆறு வாரப் பயிற்சி, ஒரு பரீட்சை, புகைப்படம் ஒட்டிய ஓர் அட்டை. அன்றிலிருந்து சத்தம் அவன் பொறுப்பு, உயரம் அவள் பொறுப்பு. பதினோரு வருடத்தில் அவள் தொங்கவிட்ட ஒன்றும் அவள் சொல்லாமல் கீழே வந்ததில்லை.

ஊரின் பெரிய அரங்கத்தில் அன்றைக்கு மாலை ஆறு மணிக்கு இசை நிகழ்ச்சி. அது வெறும் நிகழ்ச்சி இல்லை, அவர்களுக்கு வைத்த தேர்வு. நன்றாக நடந்தால் ஒரு வருடத்துக்கு அரங்கத்தின் ஒலிவேலை முழுவதும் அவர்களுக்கு. மாதத்தில் இருபது நாள் வேனில் படுத்துறங்கும் கணவன், சொந்தக் கட்டிலில் படுப்பான். மகள் அப்பாவிடம் ரிப்போர்ட் கார்டை போனில் காட்டாமல் நேரில் காட்டுவாள். அரங்க மேலாளரின் நிபந்தனை ஒன்றுதான்: மேடைக்கு மேலே, நடுவில், ஒரே வகைப் பெட்டிகள் பன்னிரண்டு தொங்க வேண்டும். அப்போதுதான் பால்கனிக்கும் கேட்கும் என்று அவருக்கு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். எட்டுதான் இருந்தது. மீதி நாலை அதே வகையில் வாங்கிவிட்டதாகக் கணவன் புதன்கிழமை சொன்னான். அவள் கணக்கெழுதும் அட்டையில் எழுதிக்கொண்டாள். பெட்டி ஒன்று முப்பத்தெட்டு கிலோ. தலையில் மாட்டும் இரும்புச் சட்டம் நாற்பத்துநாலு. கேபிள் இருபது. மொத்தம் ஐந்நூற்றிருபது.

காலை பத்து மணிக்கு மேடையைச் சுற்றி நாடா கட்டி, உள்ளே யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். உத்தரத்தில் இரண்டு மோட்டார், இரண்டு சங்கிலி. ஒவ்வொரு கொக்கிக்கும் சட்டத்துக்கும் நடுவில் கையளவு எடைகாட்டி. சட்டமும் முதல் நாலு பெட்டியும் தரையைவிட்டு எழும்பின.

"நிறுத்து."

கொழுந்தன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தான்.

முன்காட்டி நூற்றிநாலு, பின்காட்டி தொண்ணூற்றிரண்டு. நூற்றித்தொண்ணூற்றாறு. அட்டையில் இருந்ததும் அதுவே. அடுத்த நாலைக் கோத்தார்கள். பெட்டியோடு பெட்டியை இணைக்கும் இரும்பு பின்களைக் கொழுந்தன் செருக, அவள் ஒவ்வொரு பின்னின் கிளிப்பையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். முழங்கால் உயரத்துக்கு ஏற்றி நிறுத்தச் சொன்னாள். முந்நூற்று நாற்பத்தெட்டு இருக்க வேண்டும். முந்நூற்று எண்பத்துநாலு இருந்தது.

"என்ன அண்ணி, மூஞ்சி மாறுது?"

"மூஞ்சி மாறல. நம்பர் மாறுது."

கணவன் ஒலியைச் சரிசெய்யும் மிக்ஸர் மேசையிலிருந்து எழுந்து வந்தான். "அந்தக் காட்டிக்கு வயசாயிடுச்சு, விடு."

"அத போன மாசம்தான் சோதிச்சு சீட்டு வாங்கினேன். உங்களத்தான் இன்னும் சோதிக்கல."

"எவ்வளவு கூட?"

"முப்பத்தாறு."

"கூரை எண்ணூறு தாங்கும்னு இன்ஜினீயர் கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காரு. நாம ஐநூத்தி சொச்சம். முப்பத்தாறு கூடினா கூரைக்கு என்ன ஆகும்?"

"கூரைக்கு ஒண்ணும் ஆகாது. கூடினது எதுன்னு தெரியாம மேல ஏத்தறவ நான் இல்ல."

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மேலாளர் ஒப்பந்தக் கோப்பை மூடினார். படிவத்தில் அச்சடித்தது மாதிரி பேசுகிறவர். "ஏதாவது பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல சார், சும்மா செக்கிங்" என்றான் கணவன்.

"எடை ஒத்துவரல சார்" என்றாள் அவள். "இறக்கறேன். அரை மணி நேரத்துல காரணம் சொல்றேன்."

கணவன் அவளைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. சங்கிலி கடகடவென்று கீழிறங்கியது. கீழ் நாலையும் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றினாள்: நூற்றித்தொண்ணூற்றாறு. காட்டிக்கு வயசாகவில்லை. கழற்றியதில் ஒன்றை மட்டும் திரும்பக் கோத்து ஏற்றினாள். இருநூற்று நாற்பத்துமூன்று. அந்தப் பெட்டி ஒற்றையாக நாற்பத்தேழு. முப்பத்தாறை நாலால் வகுக்க அவளுக்கு அட்டை தேவைப்படவில்லை. தவறு என்றால் தாறுமாறாக இருக்கும். இது அழகாக வகுபடுகிறது. அழகாக வகுபடுவதற்குப் பின்னால் ஆள் இருக்கும்.

கழற்றி வைத்த பெட்டியின் முன்வலையில் விரலை அழுத்தினாள். விரல்நுனியில் காயாத கறுப்புப் பெயிண்ட் ஒட்டியது. நிமிர்ந்து கொழுந்தனைப் பார்த்தாள். அவன் மோட்டார் ரிமோட்டின் நாலு பொத்தான்களையும் நாவல் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தான். அவன் நகங்களுக்குள்ளும் அதே கறுப்பு.

மேடைக்குப் பின்னால், உடைமாற்றும் அறையில், பல்பு வரிசை வைத்த கண்ணாடி முன்னால் அவளும் கணவனும் நின்றார்கள்.

"யாருது அந்த நாலும்?"

"கடைய மூடினானே நம்ம சிநேகிதன், அவனுது. பழைய மாடல். வெளிய பாத்தா ஒண்ணேதான்."

"உள்ள பழைய காந்தம். ஒவ்வொண்ணுக்கும் ஒம்பது கிலோ கூட."

"அது எனக்கே தெரியாது, சத்தியமா. சத்தம் ஒரே மாதிரிதான் வருது. ஸ்டிக்கரும் பெயிண்டும் மட்டும்தான் மாத்தினேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வேணாம்ப."

உண்மைதான். வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள்.

"அத வரிசைக்கு நடுவுல ஏன் வெச்சீங்க?"

"மேல இருக்கறத நீ தொட்டுத் தொட்டுப் பாப்ப. கீழ இருக்கறத மேனேஜர் பாப்பாரு. நடுவுலதான் யார் கண்ணும் படாது."

அவனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியின் பக்கத் தகட்டைக் காட்டினாள். பின்னை அதன் துளைக்குள் விட்டு, "ஆட்டுங்க" என்றாள். ஆட்டினான். பின் லொடலொடத்தது. துளை பழைய அளவு, பின் புது அளவு.

"இதுக்குக் கீழ இன்னும் நாலு பெட்டி தொங்கப்போகுது. அதுக்கும் கீழ பாட்டுக்காரங்க நிப்பாங்க. துளையப் பாக்காம கிளிப்ப மட்டும் பாத்தேன், அது என் தப்பு. எழுதி வெச்சுக்கறேன். உங்க தப்ப நீங்க போய் மேனேஜர்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா வருஷ வேலை போச்சு."

"போகலாம்."

"நீயே ஏதாவது சொல்லிச் சமாளிக்கக்கூடாதா?"

"நான் வாயத் திறந்தா முப்பத்தாறு கிலோன்னுதான் வரும்."

அவன் பின்னை அவள் கையில் கொடுத்தான். பிறகு தலையைக் கோதிக்கொண்டு, நாடாவைத் தூக்கிக் குனிந்து, மூன்றாவது வரிசைக்குப் போனான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மேலாளர் ஒருமுறை கோப்பைத் திறப்பதும், ஒருமுறை மேலே பார்ப்பதும் தெரிந்தது. கணவன் கையை ஆட்டிப் பேசவில்லை. அவன் கையை ஆட்டாமல் பேசி அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேலாளர் எழுந்து வந்தார். "நிபந்தனையில பன்னெண்டுன்னு இருக்கு. பால்கனி கடைசி வரிசைக்குக் கேக்கலன்னா எனக்குப் புகார் வரும்."

கணவன் பால்கனியைப் பார்த்துக்கொண்டே நின்றான். பார்வை மாறியிருந்தது. பொய்யைப் பாதுகாக்கும் வேலை முடிந்ததும் காது திரும்ப அவனிடம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

"எட்டு மட்டும் மேல போகட்டும்" என்றான். "இந்த நாலையும் பால்கனித் தரையில வெச்சிடறேன், ஓரத்துல ரெண்டு ரெண்டா. தொங்க வேண்டாம். மேடையிலேர்ந்து சத்தம் அங்க வந்து சேர எவ்வளவு நேரமாகுதோ, அவ்வளவு நேரம் அத தாமதமாப் பேச வெச்சா, பக்கத்துல பெட்டி இருக்கறதே தெரியாது. மேடையில பாடறவங்க வாயிலேர்ந்தே வர்ற மாதிரி இருக்கும்."

"தரை தாங்குமா?" என்று மேலாளர் அவளைத்தான் கேட்டார்.

"ஓரத்துக்கு தொண்ணூத்தி நாலு கிலோ சார். ஒண்ணரை ஆளு."

அவர்கள் வீட்டு எட்டும் ஏறின. மறுபடி எண்களைப் பார்த்தாள்: முந்நூற்று நாற்பத்தெட்டு. கேபிள் கட்டியபின் முந்நூற்று அறுபத்தெட்டு. கொக்கி வளையங்களின் ஆணிகளைக் கம்பியால் முறுக்கிக் கட்டினாள். மோட்டாரே கைவிட்டாலும் பிடித்துக்கொள்ளும்படி தனி இரும்புக் கயிறு ஒன்றை உத்தரத்தோடு மாட்டி, தொய்வில்லாமல் இழுத்தாள். பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பத்து நிமிடமும் அவள் கணக்கில் வேலைதான்.

பால்கனியின் கடைசி வரிசையில் மேலாளர் போய் உட்கார்ந்தார். மைக்கில் பேச ஏதாவது வேண்டுமே என்று கொழுந்தன் சுவரில் இருந்த அறிவிப்பை வானொலிக் குரலில் வாசித்தான். "தீ விபத்தின்போது மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டாம்." மேலாளர் பக்கத்தில் இருந்த பெட்டியில் காதை வைத்துப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், திரும்பப் பெட்டியைப் பார்த்தார். "இது ஓடுதா இல்லையா?" என்று மேலிருந்து கேட்டார்.

"ஓடுது சார்" என்றான் கணவன். மிக்ஸர் மேசையில் குனிந்தபடி நாலையும் நிறுத்தினான். கொழுந்தன் குரல் மேடைக்கே ஓடிப்போய் மெலிந்தது. திரும்பத் திறந்தான். குரல் மேலாளரின் மடியில் வந்து உட்கார்ந்தது.

மாலை நிகழ்ச்சியில் புகார் ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை மேலாளர் தன் அறைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஒரு வருஷம் குடுக்க முடியாது" என்றார். "சொல்லாம பெட்டி மாத்தினவருக்கு மூணு மாசம். அதுக்கப்புறம் பாக்கலாம். ஆனா இனிமே இந்தக் கூரையில யார் எத தொங்கவிட்டாலும், விளக்கோ திரையோ, இவங்க எடை பாத்துக் கையெழுத்து போடணும். அது மூணு மாசக் கணக்கு இல்ல. அது நிரந்தரம்."

"இவர் கொண்டுவர்றதுக்கும்தானே சார்?" என்று கேட்டாள்.

"இவர் கொண்டுவர்றதுக்குத்தான் முதல்ல."

கணவன் ஜன்னலைப் பார்த்தான். அவள் படிவத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

தாழ்வாரத்தில் வரும்போது, "மூணு மாசம்தான்" என்றான்.

"மூணு மாசம்னா அறுபது நாள் கூட வீட்ல இருப்பீங்க."

"சந்தோஷம்தானே?"

"சமையல்ல பாதி உங்களுது. அதையும் எழுதி வாங்கியிருக்கணும்."

சிரிக்கலாமா வேண்டாமா என்று அவன் யோசிப்பது தெரிந்தது. "இன்னும் கோவமா?"

"ஆமா" என்றாள். "ரெண்டு நாள் இருக்கும்."

அரங்கத்துக்குள் கொழுந்தன் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். பெட்டிகளை இறக்க வேண்டும். அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நாடாவைத் தூக்கி உள்ளே போனாள். கணவன் நாடா வரை வந்து நின்றான். எப்போதும் பேசிக்கொண்டே உள்ளே நுழைந்துவிடுகிறவன், அவள் அண்ணாந்து பார்த்து முடிக்கிற வரையில் வெளியிலேயே நின்றான்.

"வாங்க" என்றாள்.