பரமேஸ்வரனின் காரைக் குளிருக்கு மூடினோம்

"அக்கா, இவர் போயிட்டார்" என்று என் தங்கை கமலா சுவிஸின் துன் நகர ஆஸ்பத்திரியிலிருந்து போனில் அழுதபடி சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "காருக்கு இன்னும் மருந்து விடேல்லையே, பனி வரப்போகுதே" என்றாள். ஓல்டனில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் அப்படியே போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

கமலாவின் கணவர் பரமேஸ்வரனை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கடின் மலைப்பக்கத்தில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கியவர், துன்னில் தலைமைச் சமையற்காரராய் ஓய்வு பெற்றார். பிறகு ஒரு பழைய ஏ-40 கார் வாங்கினார். ஊரில் தன் கலியாணத்துக்கு வாடகைக்குக் கேட்டும் கிடைக்காத கார் என்பார்.

ஓடினால் ரேடியேற்றர் ஒழுகும். கோடை முழுக்க வெறும் தண்ணீர்தான் ஊற்றுவார். குளிருக்கு முன் அதைத் திறந்துவிட்டு, உறையாத நீல மருந்து விடவேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கட்டியாகி எஞ்சினைப் பிளந்துவிடும். ஒவ்வொரு ஐப்பசியும் இதற்கு என்னைக் கூப்பிட்டு, கராச் வாசலில் கதிரை போட்டு இருத்துவார். எனக்குப் படிப்பில்லை; பார்த்தது மறக்காது.

"அடுத்தது என்ன மச்சாள்?"

"சில்லுகளுக்குக் காத்துக் கூட்டுங்கோ."

எழுதி வைக்கலாமே என்றால், "தாள் ஏசாது, நீங்கள் ஏசுவியள். அதுதான் வேலை நடக்குது" என்பார்.

ஒரு வருஷம் காரை மூடமுதல் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தோம். பாதித் தேங்காய் பின் சீற்றில் கிடந்துவிட்டது. பங்குனியில் திறந்தால், எலி சீற்றைக் கிழித்துப் பஞ்சு பறக்கிறது. "மச்சாள் எலிக்கு மடை வைச்சவ" என்று கலியாணவீடுகளில் எல்லாம் சொல்லிச் சிரித்தார். வைத்தது கமலா. அவளும் வாய் திறக்கவில்லை. போனவரைக் குறை சொல்லக்கூடாது; ஆனாலும் அது நான் இல்லை என்று இந்த நினைவு மலரிலாவது கிடக்கட்டும்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள், "சாத்துடக்கோடை என்ன கார் வேலை? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும், பிறகு விக்கலாம்" என்றார்கள். பனி அந்தியேட்டி பார்த்தா வரும்? மலையுச்சி ஏற்கெனவே வெளுத்திருந்தது. தகனத்துக்கு மறுநாளே இருவரும் கராச்சுக்குப் போனோம்.

நான் சொன்னேன், கமலா செய்தாள். கீழ்க் குழாயைத் திறக்கத் துருத்தண்ணீர் ஓடியது. மருந்தை விட்டாள்.

"இனி எஞ்சினை ஓடவிடு. மருந்து உள்ளுக்கெல்லாம் சுத்தோணும்."

"இவர் என்னைத் தொடவே விடேல்லையே அக்கா."

"இப்ப ஆர் மறிக்கிறது? திறப்பைப் போட்டு ஸ்ரார்ட் குமிழை இழுடி."

இழுத்தாள். கார் இருமி இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. கராச் கதவு விரியத் திறந்திருக்க, வெள்ளைச் சேலையோடு இருவரும் முன் சீற்றில் இருந்தோம். காலடியில் இளஞ்சூடு வந்தது.

"நான் விக்கமாட்டன் அக்கா. ஓடப் பழகப்போறன்" என்றாள் கமலா.

இந்த வயதிலோ என்று கேட்க வாய் வந்தது. "அப்ப முதல் சீற்றை முன்னுக்கு இழு" என்றேன்.

மறுநாள் விடிய வெளியில் புல்லெல்லாம் வெள்ளை. ரேடியேற்றர் மூடியைத் திறந்து பார்த்தோம். நீலத் தண்ணீர் உறையாமல் அசைந்தது. பற்றரியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் காரின் மூடுசீலையை இழுத்து மூடினோம்.

தம்பி பரமேஸ்வரன், உங்கட கார் தப்பியிட்டுது. பங்குனியில் கமலா அதை வெளியில் எடுப்பாள், பக்கத்தில் நான் இருப்பேன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாமல் போயிட்டு வாங்கோ.