மூன்று படிகளும் நான்கு பிரிவுகளும்

1. ஐந்துக்கு ஐந்து

எங்கள் அலுவலகத்தின் நான்கு பிரிவுகள் ஒன்றுக்கொன்று ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் போட்டுக்கொண்ட அதே வாரத்தில், எனக்கு நேர் கீழே வேலை பார்த்த சுமதி தன்னை வேறு கிளைக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பம் எழுதினார்.

நான் அப்போது ஓய்வுபெறும் தறுவாயில் இருந்த துணை இயக்குநர். அப்படிப்பட்டவர்களிடம் யாரும் விரும்பாத வேலையைத் தள்ளிவிடுவது டெல்லியில் எழுதப்படாத விதி. எனக்கு வந்தது, பிரிவுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துழைக்கின்றன என்று அளந்து டைரக்டருக்கு அறிக்கை கொடுக்கும் வேலை. மேலிடம் அனுப்பிய படிவத்தின்படி, ஒவ்வொரு பிரிவும் மற்றப் பிரிவுகளுக்கு மதிப்பெண் போட வேண்டும். நிர்வாகம், நிதி, கட்டடப் பராமரிப்பு, பாதுகாப்பு ஆகிய நான்கும் காலையில் படிவத்தை வாங்கி, மாலைக்குள் முழு மதிப்பெண்ணோடு திருப்பித் தந்தன. என் பணிக்காலத்தில் வேறு எந்தப் படிவமும் இவ்வளவு ஜல்தியாகத் திரும்பி வந்ததில்லை.

நிதிப் பிரிவின் தலைவர் ராமசுப்பு, திருநெல்வேலிக்காரர். அவரைக் கேன்டீனில் பிடித்தேன்.

"போன வாரம்தான் பராமரிப்புக்காரங்களுக்கு எஸ்டிமேட்டே போடத் தெரியலைன்னு கத்தினீங்க. இப்ப அஞ்சு போட்டிருக்கீங்களே?"

"அவன் எனக்கு அஞ்சு போடுதான் சார். நான் நாலு போட்டா நல்லாவா இருக்கும்? கல்யாண வீட்டு மொய் மாதிரின்னு வச்சுக்கிடுங்க."

சுமதியின் விஷயத்துக்கு வருகிறேன். டெல்லி லக்ஷ்மிபாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் வளர்ந்து, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். நாடாளுமன்றக் கேள்விகளுக்குப் பதில் வரைவு எழுதுவதில் அவரைப் போல இன்னொருவர் எங்களிடம் இல்லை. ஒரு சாலை விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில்தான் வந்துபோனார். அலுவலக வாசலில் மூன்று படிகள். தினமும் இரண்டு காவலர்கள் அவரை நாற்காலியோடு தூக்கி மேலே வைப்பார்கள்.

"ரெண்டு கார்டு பையா சேந்து என்னை ஃப்ரிட்ஜ் மாதிரி ஏத்தி எறக்கறாங்க சார்," என்றார். "நேத்து ஒருத்தருக்குக் கை நழுவிடுச்சு. விழலை. ஆனா எல்லாரும் ஓடி வந்து பாத்தாங்க. அதுக்கு விழுந்தே இருக்கலாம்."

"கிளை ஆபீஸ் ஊருக்கு அந்தக் கோடியில இருக்கும்மா. அங்க போனா தபால் அனுப்பற டெஸ்பாட்ச் வேலைதான். இங்க செய்யற வேலை எதுவும் கிடைக்காது."

"தெரியும் சார். ஆனா அங்க படி இல்லை."

இந்தப் பதிலுக்கு எந்த விதிமுறையிலும் மறுப்பு இல்லை. விண்ணப்பத்தை என்னிடமே வைத்துக்கொள்ள ஒரு மாத அவகாசம் கேட்டேன். "சரி சார். ஒரு மாசம். அதுக்கு மேல என்னால முடியாது," என்றார்.

2. எல்லாமே பச்சை

வாசல் படியோரம் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வேண்டும் என்ற ஃபைல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பது வெறும் பேச்சல்ல. எங்கள் கம்ப்யூட்டர் முறையில் ஒரு பிரிவிடம் ஃபைல் தங்கினால் அந்தப் பிரிவின் பெயர் சிவப்பாகும். அன்றே அனுப்பிவிட்டால் பச்சை. ஆகவே எல்லாரும் அன்றே அனுப்பினார்கள், ஒரு கேள்வியைச் சேர்த்து. நிதிப் பிரிவு, கட்டடம் சொந்தமா வாடகையா என்று கேட்டது. பதில் வந்ததும், சிமென்டா இரும்பா என்று கேட்டது. பாதுகாப்புப் பிரிவு வாசலின் அகலம் கேட்டது. பராமரிப்பு, அகலத்தைப் பாதுகாப்புப் பிரிவே அளந்து சொல்லட்டும் என்றது. நிர்வாகம் எல்லாவற்றையும் 'ஆவன செய்ய' என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தது. நான்கு பிரிவும் பச்சை. சுமதி மட்டும் படிக்குக் கீழே.

ஐயங்கள் அனைத்தையும் ஒரே தடவையில் எழுப்ப வேண்டும் என்று அலுவலக நடைமுறை விதி சொல்கிறது. பதவி உயர்வுத் தேர்வில் எல்லாரும் சரியாக எழுதும் பதில் அது.

மொய்க் கணக்குப் படிவங்களை ஓரமாக வைத்துவிட்டு, நானே ஓர் அளவுகோல் செய்தேன். மதிப்பெண் இனிப் பிரிவுக்கு இல்லை, ஜோடிக்கு. ஒரு ஃபைல் இரண்டு பிரிவுகளுக்கு நடுவே ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அனுப்பியவருக்கும் திருப்பியவருக்கும் சேர்த்தே குறையும். எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்பது கணக்கில் வராது.

ராமசுப்பு என் அறைக்கே வந்துவிட்டார். "அவன் எஸ்டிமேட்டைத் தப்பாப் போட்டா என் மார்க்கை ஏன் சார் குறைக்கிய?"

"என்னென்ன வேணும்னு முதல்லயே நீங்க சொல்லியிருந்தா அவர் சரியாப் போட்டிருப்பாரே."

"அப்ப நானும் அவனும் ஒரே பரீட்சை எழுதணுமோ?"

"ஒரே ஆபீஸ்தானே ராமசுப்பு."

டைரக்டருக்கும் பிடிக்கவில்லை. நல்ல மனிதர், லக்னோக்காரர், கோபத்தைக்கூட மரியாதையாகத்தான் காட்டுவார். இந்தியில் அவர் கேட்டது இது: "இவ்வளவு குறைந்த மதிப்பெண்ணை மேலே அனுப்பினால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? பழைய படிவத்தையே அனுப்பிவிடலாமே?"

"அனுப்பலாம் சார். அதற்கு முன்னால் ஒரே ஒரு மீட்டிங். சாய்தளம் பற்றி, நான்கு பிரிவுகளோடும். நடவடிக்கைக் குறிப்பில் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் அதுவே ஒப்புதல். விதியில் இருக்கிறது. ஆனால் மீட்டிங் வாசலில் நடக்க வேண்டும்."

"வாசலிலா? கான்ஃபரன்ஸ் ரூம் என்ன ஆயிற்று?"

"படி அங்கே இல்லை சார்."

அவர் சிரித்துவிட்டார். டெல்லியில் அதிகாரி சிரித்தால் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். நானும் வந்துவிட்டேன்.

3. டேப் நின்ற இடம்

மறுநாள் காலை டைரக்டர் உட்பட எல்லாரும் வாசலில் நின்றோம். சுமதி படிக்குக் கீழே நாற்காலியில். கேன்டீன் டீ வந்தது. கேள்விகளைக் கேட்கச் சொன்னேன். வாரக்கணக்கில் சுற்றிவந்த சந்தேகமெல்லாம் டீ ஆறுவதற்குள் தீர்ந்தது. வாசலின் அகலம் கண்ணெதிரே இருந்தது. சிமென்ட் போதும் என்பதும் தெரிந்தது.

பராமரிப்புப் பிரிவின் எஞ்ஜினீயர் சௌஹான் டேப்பை எடுத்தார். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். மூன்று படியும் சேர்ந்து ஒன்றரை அடி, ஆகப் பதினெட்டு அடி. நேராக விட்டால் தெருவில் போய் முடியும். ஆகவே சுவரை ஒட்டித்தான் வர வேண்டும். சௌஹான் சுவரோரமாக டேப்பை இழுத்துக்கொண்டு போனார். பாதியில் நின்றார். பிறகு அதைச் சுருட்டத் தொடங்கினார்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ராமசுப்பு வேப்பமரத்தைப் பார்த்தார். பாதுகாப்பு அதிகாரி தன் ஷூவைப் பார்த்தார்.

"சௌஹான் ஜி, டேப் ஏன் நின்றுவிட்டது?" என்று சுமதி இந்தியில் கேட்டார்.

"முன்னால் வண்டி இருக்கிறது மேடம்."

டைரக்டரின் கார். ஆண்டுக் கணக்காக நிழலில் அது நிற்கும் இடம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாடகையா சொந்தமா, சிமென்டா இரும்பா, அகலம் என்ன என்று அத்தனை கேள்விகளும் இந்த ஓர் இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கின்றன. காரை நகர்த்த வேண்டும் என்று எழுதினால் எழுதியவர் பெயர் ஃபைலில் நிற்கும். அதைத் தவிர்க்க நான்கு பிரிவுகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் ஒத்துழைத்திருக்கின்றன. அவர்கள் போட்டுக்கொண்ட ஐந்துக்கு ஐந்து பொய்யே இல்லை. என் அளவுகோலும் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

"வண்டிக்கும் சக்கரம்தானே இருக்கிறது," என்றார் சுமதி. "அது படியேற வேண்டாம். கொஞ்சம் தள்ளி நின்றால் போதும்."

டைரக்டரின் முகம் சிவந்தது. "அச்சா," என்றார் மெதுவாக. "இதை ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை?"

பதிலுக்காக அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு டிரைவரைக் கூப்பிட்டு, வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோகச் சொன்னார். நான் அங்கேயே நின்றபடி நடவடிக்கைக் குறிப்பை எழுதினேன். அறைக்குப் போய் எழுதலாம் என்றார் நிர்வாகப் பிரிவுக்காரர். வேண்டாம் என்றேன். நான்கு பேரும் காரின் பானெட் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்ட பிறகுதான் டிரைவருக்கு வழிவிட்டேன்.

ராமசுப்பு பேனாவை மூடும்போது என் காதருகே சொன்னார்: "எங்கிட்ட இருந்தது ஒரே கேள்விதான் சார். அதைத்தான் எழுத முடியல."

சாய்தளம் அந்த மாதத்துக்குள்ளேயே முடிந்தது. முதல் நாள் பழக்கதோஷத்தில் காவலர்கள் ஓடி வந்தார்கள். "தொடாதீங்க பையா," என்று சுமதி தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு ஏறினார். மேலே போனதும் மூச்சு வாங்கிக்கொண்டே, "மழை பெஞ்சா வழுக்கும் சார். ஒரு கைப்பிடி வேணும்," என்றார். அவர் இனி மாற்றல் கேட்க மாட்டார் என்பது எனக்கு அப்போது உறுதியாயிற்று.

இனி இந்த வேலைக்கு உட்காரப் போகிற இளையவர்களுக்குச் சொல்வது: பிரிவுகள் சண்டை போடுகிற இடத்தை யாராலும் அளந்துவிட முடியும். எல்லாரும் ஒன்றாக எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று தேடுங்கள். அதற்குப் படிவம் உதவாது. வேலை நின்றுபோன இடத்துக்கு எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். யாருக்காக அந்த வேலையோ அவரையும் கூப்பிடுங்கள். கையெழுத்து வாங்கும் வரை ஒருவரையும் உள்ளே விடாதீர்கள்.