இரண்டு டிகிரி அறையில் வேர்த்தவர்

மீன் கம்பெனியின் குளிரறை வாசலில் வட்டமாக ஒரு வெப்பமானி மாட்டியிருக்கிறது. அதன் முள் எப்போதும் இரண்டு டிகிரியில் நிற்கும். வெயில் காலத்தில் இரண்டு, மழைக் காலத்தில் இரண்டு, போன வருடம் அறையைக் கழுவி வெள்ளையடிக்க மெஷினையே நிறுத்திவைத்த ஒன்பது நாளும் இரண்டு. அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. உள்ளே அதைவிட நல்ல வெப்பமானி ஒன்று கையுறை மாட்டிக்கொண்டு மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்ததுதான் காரணம்.

அவரை டிகிரி அக்கா என்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு இப்படி ஒரு பெயரா என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் அடங்கிவிடுவார்கள். மணிக்கொரு தரம் முகத்துணியை இறக்கிக் கன்னத்தைக் காற்றுக்குக் காட்டுவார், "ரெண்டரை" என்பார், பதிவேட்டில் இரண்டரை என்று எழுதுவார்கள். மெக்கானிக் ஒருமுறை புதுக் கருவி கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்த்தார். கருவிதான் கொஞ்சம் தாமதமாகச் சொன்னது. இப்படிப் பத்தொன்பது வருடம்.

ஐம்பத்தோராவது வயதில் கன்னம் பொய் சொல்ல ஆரம்பித்தது.

மாதவிடாய் நின்று சில மாதங்கள் ஆகியிருந்தன. நெஞ்சுக்குழியில் அடுப்பு மூட்டியதுபோல ஒரு சூடு கிளம்பும், கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும், நாலு நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். ஊர் உலகமே குளிர்ச்சிக்கு ஏங்கும்போது, சம்பளம் வாங்கிக்கொண்டு குளிரில் நின்று வேர்த்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். வேர்ப்பது தன் உடம்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. பத்தொன்பது வருடமாகத் தப்பாத கன்னம் அல்லவா? அறைதான் சூடாகிவிட்டது என்று சொன்னார். மெக்கானிக் ஓடி வந்தார். ஒன்றுமில்லை. மறுவாரமும் வந்தார். மூன்றாவது முறை நடந்தே வந்தார்.

"அக்கா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்க போய் உங்களக் காட்டிட்டு வாங்க."

மானேஜர் நல்ல மனிதர், அதுதான் தொல்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா லேபிள் செக்‌ஷனுக்கு மாத்திடறேன்மா. உக்காந்த வேலை. நீங்களும் எவ்வளவு நாள்தான் நிப்பீங்க?" என்றார். மற்றவர்கள் சிபாரிசு பிடித்துப் போகும் இடம் அது. தகரக் கூரை, பிளாஸ்டிக் உறையைச் சூடு காட்டி ஒட்டும் மெஷின் நான்கு. அங்கே போனால் தான் ஒரு வாரம் தாங்கமாட்டோம் என்று அக்காவுக்குத் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமானால் காரணத்தையும் சொல்ல வேண்டும். மானேஜருக்கு அவர் தம்பி வயது.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "மத்தி மாதிரி எண்ணெய் மீன் வாரத்துக்கு ரெண்டு, மூணு தடவை சாப்பிடுங்க. ஆளிவிதை தினம் ஒரு ஸ்பூன். அதுல இருக்கிற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் சிலருக்கு இந்தச் சூட்டையும் வேர்வையையும் கொறைக்கலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. பெருசா ஒண்ணும் இல்லன்னும் சில ஆராய்ச்சி சொல்லுது."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"மூணு மாசம் சாப்பிட்டுப் பாருங்கன்னு சொல்றேன். தாங்க முடியலன்னா வாங்க, வேற மருந்து இருக்கு."

நாளெல்லாம் மத்தியைத் தொட்டுத் தொட்டு, அக்கா மீனை வாயில் வைத்துப் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. அவர் கணவருக்கு அன்றைக்குக் கொண்டாட்டம்.

"ஊருக்கெல்லாம் மீன் அனுப்பற. ஃபீஸ் குடுத்துப் போனா உனக்கும் அதையே எழுதித் தராங்களா?"

"கொழுப்பு அமிலம் வேணுமாம்."

"கொழுப்புதான் ஏற்கெனவே நெறைய இருக்கே!"

"அமிலம் உங்க வாயில இருக்கு. பேசாம மீனைக் கழுவுங்க."

மூச்சைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். ஆளிவிதைப் பொடி தொண்டையில் மரத்தூள்போல இறங்கியது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வந்த சூடு, பத்தாவது வாரம் மூன்றானது. மீன் செய்ததா, நாள்தான் செய்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அக்கா மீனின் பக்கம் நின்றார். அவ்வளவு கஷ்டப்பட்டுத் தின்றதற்கு ஒரு மரியாதை வேண்டாமா? பதினோராவது வாரத்தில் தொடர்ந்து நான்கு நாள் சூடே இல்லை.

ஐந்தாம் நாள் காலை பத்தரைக்கு வந்துவிட்டது. இந்த முறை நாலு நிமிடத்தில் போகவும் இல்லை. கழுத்துப் பித்தானைக் கழற்றினார். பெட்டிகளைத் தூக்கி அடுக்கினார். அத்தனை மத்தியும் வீண் என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை, அலுப்புதான் வந்தது. பதினோரு மணிக்குக் கன்னத்தைக் காட்டினார். பன்னிரண்டு டிகிரி என்றது கன்னம். வாயைத் திறந்தால் லேபிள் செக்‌ஷன். "ரெண்டு" என்றார். தலைக்கு மேலே விசிறி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கும் "ரெண்டு" என்றார்.

எதிரே நின்று தரம் பிரிக்கும் பெண் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"என்னடி பண்ற, சளி பிடிக்கப் போவுது."

"வேர்க்குதுக்கா."

"உனக்கு எதுக்குடி வேர்க்குது? இருபத்தாறு வயசுல?"

"ஏன், இருபத்தாறுல வேர்க்கக் கூடாதுன்னு சட்டமா?"

அக்கா ஒரு பெட்டிக்குள் கையை விட்டார். ஐஸ் இல்லை, தண்ணீர் இருந்தது.

வெளியே கம்ப்ரசர் காலையிலேயே செத்துப்போயிருந்தது. உள்ளே விசிறி மட்டும் சுற்றி வெறும் காற்றை வீசிக்கொண்டிருந்தது. நாற்பது பெட்டி மத்தி கெட்டது. அக்காவே ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து ஒதுக்கினார்.

"பத்தொன்பது வருஷத்துல மொதல் தடவையா மீன் கெட்டிருக்கு. உங்களுக்குத் தெரியலியாம்மா?" என்றார் மானேஜர்.

"தெரிஞ்சுது. ரூமு இல்ல, நான்தான்னு நெனச்சேன்."

"நீங்கன்னா?"

மெக்கானிக் அவசரமாகக் கம்ப்ரசரைப் பார்த்தார். எல்லார் முன்னாலும் அக்கா சொன்னார்: "எனக்கு அந்த வயசு சார். திடீர் திடீர்னு உடம்பு எரியும். சொன்னா லேபிளுக்கு அனுப்பிடுவீங்க. அந்தத் தகரத்துக்குக் கீழ நான் செத்துப்போயிடுவேன்."

மானேஜருக்குக் காது சிவந்தது. பெண்கள் அறுபது பேர் வேலை செய்யும் இடத்தை ஆறு வருடமாக நடத்துகிறவர், இதை முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவர்போல நின்றார். பிறகு மெக்கானிக்கிடம், வேறெங்கும் பார்க்காமல், "நாளைக்குள்ள மணி அடிக்கிற தர்மாமீட்டர் ஒண்ணு மாட்டிடுங்க" என்றார்.

"அப்ப நான் சார்?"

"மீன் பாருங்கம்மா. இங்கேயே."

அக்காவுக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். இருந்தது. இனி யாரும் மணிக்கொரு தரம் தன் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பதும் கூடவே இருந்தது. இன்றைய சூடு தன்னுடையது இல்லையென்றால் மத்தி ஐந்தாம் நாளும் ஜெயித்ததா என்று யோசிக்கப் பார்த்தார், கால் வலித்தது. மிச்சமிருந்த நூற்றிருபது பெட்டிக்கும் புது ஐஸ் போட வேண்டும். மண்வெட்டியை எடுத்தார்.