கெட்டியாகக் கரைத்த உப்பு

என் வீட்டுக்காரர் ஜோலார்பேட்டையில் ரயில் ஓட்டுகிறார். டியூட்டி இல்லாத நேரமெல்லாம் ஒரு கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பாலாற்றிலேயே எப்போதாவதுதான் தண்ணீர் பார்க்கிற எங்கள் ஆம்பூரில், எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் இருநூறு லிட்டர் கடல் இருக்கிறது. அதில் இரண்டு மீன், நாலைந்து பவளம். அவற்றில் ஒன்றுதான் அவருக்கு உயிர். பச்சை நிறம், ஒவ்வொரு நுனியும் சின்னச் சுத்தியல் மாதிரி இருக்கும். இரண்டு தலையோடு வாங்கி வந்ததை ஐந்து வருடத்தில் பதினாலு தலையாக வளர்த்திருந்தார். பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்று கேட்டால் ஒரு நொடி யோசிப்பார். பவளத்துக்கு எத்தனை தலை என்று கேட்டால் டக்கென்று வரும்.

கடல்தண்ணீரை யாரும் லாரியில் கொண்டுவந்து ஊற்றுவதில்லை. சென்னையிலிருந்து தனி உப்பு பாக்கெட் வரும். அதை ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்க வேண்டும். ஞாயிறுதோறும் தொட்டியிலிருந்து ஐம்பது லிட்டரை எடுத்துவிட்டு, புதிதாகக் கரைத்த ஐம்பது லிட்டரை ஊற்ற வேண்டும். பவளம் தன் எலும்பைக் கட்டிக்கொள்ளத் தேவையான சத்து அந்தப் புதுத் தண்ணீரில்தான் வருகிறது.

போன வருடம் அவருக்கு இடுப்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. இரண்டு மாதம் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெல்ட் போட்டுக்கொண்டு மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தவர், ஞாயிற்றுக்கிழமை வந்ததும் பக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நவுருங்க. உப்பு கரைக்கிறது ஒரு வேலையா?" என்றேன்.

நான் சும்மா சொல்லவில்லை. தோல் பதனிடும் டேனரி ஒன்றின் லேபில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். உப்பும் சுண்ணாம்பும் அமிலமும்தான் என் சோறு. எங்கள் வேலையில் எந்தக் கெமிக்கலையும் அப்படியே தோல் சுழல்கிற ட்ரம்முக்குள் கொட்டமாட்டோம். கொட்டினால் தோல்மேல் அது விழுந்த இடத்தில் கறை பிடிக்கும். சின்ன பக்கெட்டில், கொஞ்சம் சுடுதண்ணீரில், முதலில் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு அதன்பிறகுதான் ட்ரம்மில் ஊற்றுவோம். இதைச் செய்யாத ஆட்களை நான் விட்டதே இல்லை. எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கிறது என்று டேனரி முழுக்கத் தெரியும்.

அதே மாதிரிதான் வீட்டிலும் செய்தேன். அரை பக்கெட் ஆர்.ஓ. தண்ணீரைச் சுடவைத்து, ஐம்பது லிட்டருக்கான உப்பு மொத்தத்தையும் அதில் போட்டுக் கலக்கினேன். பால் மாதிரி வெளுத்தது. அதை நீல ட்ரம்மில் இருந்த மீதித் தண்ணீரில் ஊற்றினேன். பக்கெட் அடியில் கொஞ்சம் வெள்ளைக் கசடு நின்றது. கசடு பார்க்காத நாளே என் தொழிலில் கிடையாது. கழுவிச் சாக்கடையில் ஊற்றிவிட்டேன். உப்பின் அளவை டேனரி மீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அவர் தொட்டித் தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு டெஸ்ட் செய்துவிட்டு, "ஆல்கலினிட்டி கம்மியா காட்டுது" என்றார். அமிலத்தைத் தாங்குகிற சக்தி தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அது. பவளத்துக்குச் சோறு மாதிரி. எட்டு இருக்க வேண்டியது ஆறே முக்காலுக்கு வந்திருந்தது. பவளம் பாதிதான் விரிந்திருந்தது.

"சொட்டு ஒழுங்கா எண்ணுனீங்களா?" என்றேன்.

"எண்ணினேன்."

"பேசிக்கிட்டே எண்ணியிருப்பீங்க."

அவர் டெஸ்ட் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டார். டெஸ்ட் பாட்டிலின் தேதியைப் பார்த்தேன், இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஆர்.ஓ. தண்ணீரைப் பார்த்தேன், கலப்பு எதுவும் இல்லை என்று மீட்டர் பூஜ்ஜியம் காட்டியது. சரி, உப்புதான் டூப்ளிகேட் என்று முடிவுகட்டினேன். சென்னைக் கடைக்காரரைப் போனில் பிடித்து வறுத்து எடுத்தேன். "மேடம், அதே உப்பைத்தான் நூறு பேர் வாங்கிட்டுப் போறாங்க" என்று அந்த மனிதர் சொன்னார். "அந்த நூறு பேருக்கும் டெஸ்ட் பண்ணத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்று சொல்லி வைத்தேன். வேறு கடையில் புது பாக்கெட் வாங்கினோம். அதையும் அதே சுடுதண்ணீரில் அதே மாதிரி கரைத்தேன்.

ஆறாவது வாரம் முதல் தலை செத்தது. சதை உருகி வழிந்து உள்ளே வெள்ளை எலும்பு தெரிந்தது. அதற்கடுத்த மூன்று நாளில் இன்னும் நாலு தலை. அவர் பெல்ட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் அழகுப் பொருள் என்று அதை நான் எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் டியூட்டி முடிந்து எந்நேரம் வந்தாலும் செருப்பைக் கழற்றியதும் முதலில் அதன் முன்னால் போய் நிற்கிற மனிதரை எனக்குத் தெரியும்.

ட்ரம்மில் கரைத்து வைத்திருந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு பிடி உப்பும் பொட்டலம் கட்டிக்கொண்டு திங்கட்கிழமை டேனரிக்குப் போனேன். ட்ரம் பகுதி சூப்பர்வைசர் பாய், நான் பிடித்திருந்த பாட்டிலைப் பார்த்து, "இன்னா மேடம், எந்த ட்ரம் தண்ணி?" என்றார்.

"எங்க வீட்டு ட்ரம்."

"வீட்லயும் தோல் ஊறப்போடுறீங்களா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பாட்டில் தண்ணீருக்குச் சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டுப் பார்த்தேன். ஆல்கலினிட்டி ஐந்தரை. அதாவது தொட்டிக்குள் போவதற்கு முன்பே, கரைத்த அன்றே, சத்து குறைந்துவிட்டிருந்தது. அவர் சொட்டை ஒழுங்காகத்தான் எண்ணியிருக்கிறார். அடுத்தது உப்பு. ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரைச் சூடாக்காமல் எடுத்து, கலக்கும் மிஷின்மேல் சுழலவிட்டு, எடை போட்ட உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன். அது கரைந்து தெளிந்ததும் பார்த்தேன். எட்டு.

இரண்டாவது முறையும் செய்தேன். எட்டேதான். உப்பில் கோளாறு இல்லை, தண்ணீரில் கோளாறு இல்லை, டெஸ்டிலும் இல்லை. மிச்சம் இருந்தது நான் மட்டும்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்காமல் பாத்ரூமுக்குப் போனேன். அந்தச் சின்ன பக்கெட்டின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டினேன். மணல் மாதிரி உதிர்ந்தது. அதன்மேல் வினிகர் விட்டேன், புஸ்ஸென்று நுரைத்தது. சுண்ணாம்பு! சத்தில் ஒரு பங்கு கெட்டிக் கரைசலில், சூட்டில், ஒன்றோடொன்று சேர்ந்து சுண்ணாம்பாக இறங்கிவிட்டிருக்கிறது. பவளத்துக்குப் போக வேண்டியதை வாரா வாரம் சாக்கடையில் கொட்டியிருக்கிறேன். தோலுக்குச் சரியான வேலை, பவளத்துக்கு விஷமாகிவிட்டது. சுண்ணாம்பிலேயே பதினெட்டு வருடம் கைவைத்தவளுக்கு இது தெரியவில்லை. அட கர்மமே!

தப்பு என்னுடையது என்று நான் யாரிடமும் சுலபத்தில் சொல்கிறவள் இல்லை. அன்றைக்குச் சொன்னேன். கூடத்துக்குப் போய், பக்கெட்டை அவர் முன்னால் வைத்து, "நான்தாங்க கெடுத்தேன். சுடுதண்ணில கெட்டியா கரைச்சதுதான் வினை" என்றேன்.

அவர் பக்கெட்டை எட்டிப் பார்க்கவில்லை. "ம்" என்றார்.

அந்த "ம்" எனக்குச் சரியாகப் படவில்லை. "உங்களுக்குத் தெரியுமா?"

தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "மூணாவது வாரமே தெரியும். பக்கெட்டு அடியில வெள்ளையா நின்னுச்சில்ல."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? அஞ்சு தலை போச்சே!"

"சொல்லலாம்னுதான் எழுந்து வந்தேன். நீ போன்ல அந்த ஆள வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு இருந்த. அதுக்கு முன்னாடி சொட்டு எண்ணத் தெரியலன்னு என்னையும் சொன்ன. சரி, எதுக்குப் பேஜாரு, பவளம் போனா வேற வாங்கிக்கலாம்னு உட்டுட்டேன்." கோபமாகச் சொல்லவில்லை. ரயில் அரை மணி லேட் என்று சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

எனக்கு அப்போதும் கோபம்தான் முதலில் வந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஐந்து வருடம் வளர்த்ததைச் சாகவிட்டு வேடிக்கை பார்த்தீர்களா என்று கேட்கப் போனேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதைவிட, அது சாவதே அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது என்பது உறைத்ததும் கேள்வி வாயிலேயே நின்றுவிட்டது. அடுக்களைக்குள் போனேன். அழுகை வந்தது.

அடுத்த ஞாயிறு ட்ரம்மில் ஐம்பது லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரைச் சூடாக்காமல் நிரப்பி, சின்ன மோட்டாரைப் போட்டுச் சுழலவிட்டேன். அவர் மெதுவாக எழுந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு டம்ளரில் உப்பு எடுத்துக் கொஞ்சம் தூவிவிட்டு, "சரியா போடறேனாங்க?" என்று கேட்டேன்.

பதில் சொல்வதற்கு முன்னால், அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார்.