படலையடியில் ஒரு டீசல் பிக்கப்

முன்னால் ஆட்கள் இருக்கவும் பின்னால் சாமான் ஏற்றவும் திறந்த பெட்டியுள்ள வாகனத்தை ஆஸ்திரேலியாவில் ‘யூட்’ என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊரில், அதற்குப் பிக்கப் என்று பெயர். இங்கே தச்சன், மேசன், புல் வெட்டுகிறவன் எல்லோர் வீட்டு வாசலிலும் ஒன்று நிற்கும். சனிக்கிழமை காலை போய்ப் பார்த்து, பின்னேரம் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் காரியம் மாதக்கணக்கில் இழுபட்டது.

நாங்கள் அப்போது மெல்பேர்னில், நோபல் பார்க்கில் இருந்தோம். நான் டாண்டினோங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். சனி, ஞாயிறுகளில் கலியாணச் சாமான்களை வாடகைக்கு விடுவது பக்கத்தொழில். மணவறை, கதிரைகள், குத்துவிளக்குகள், சோறு வடிக்கும் பெரிய கிடாரங்கள் எல்லாம் எங்கள் கராஜில் கிடந்தன. கார் நிறுத்த இடமில்லை என்று மனைவி முணுமுணுப்பாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு வருடத்தில் தொழிற்சாலையை ஒரேயடியாக மூடிவிட்டார்கள். ஐம்பதை நெருங்கிய எனக்கு வேறு யார் வேலை தரப்போகிறார்கள்? பக்கத்தொழிலே தொழிலானது.

மணவறை என்றால் லேசான பொருள் என்று நினைக்கக்கூடாது. தூண்களையும் மேற்கூரையையும் கழற்றி ரெயிலரில் அடுக்கினால், எங்கள் பழைய கார் அதை இழுக்கமாட்டாமல் மூச்சு வாங்கும். ஒரு நல்ல பிக்கப் இல்லாமல் இனிப் பிழைப்பில்லை என்பது தெளிவாகிவிட்டது. அதோடு தொடங்கியது புத்திமதி மழை. யாழ்ப்பாணத்து ஆட்களிடம் வாகனம் வாங்கப்போகிறேன் என்று வாய் திறக்கக்கூடாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியாதவர்கூட எஞ்சினைப் பற்றி வகுப்பெடுப்பார். புதிதா, பாவித்ததா? பெற்றோலா, டீசலா? கோயிலில் பிரசாதத்துக்கு நின்ற வரிசையில்கூட இதே கதைதான். நானும் சளைத்தவனில்லை. எங்கள் ஊருக்குப் பெற்றோல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய காரில் ஓட்டம் பழகியவன் நான். எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று எரிந்து விழுவேன்.

என் கூட்டாளி ஒருவன் புதிய பெற்றோல் பிக்கப் வைத்திருந்தான். சிட்னியில் பென்டில் ஹில் குடும்பம் ஒன்று எங்கள் மணவறைதான் வேண்டும் என்று கேட்டபோது, அவனுடைய வாகனத்தில்தான் ரெயிலரைக் கட்டிக்கொண்டு போனோம். சத்தமே இல்லாமல் ஓடியது. ஆனால் ஹியூம் நெடுஞ்சாலையில் ஏற்றம் வந்தபோதெல்லாம் பெற்றோல் முள் கண்ணுக்கு முன்னால் விழுந்தது. எண்ணெய் நிலையத்தைக் கண்ட இடமெல்லாம் நிறுத்தினோம்.

“மச்சான், பாரம் இழுக்கிறவனுக்கு இது சரிவராது. நீ பாவிச்ச டீசல் ஒண்டைப் பார். அது எருமை மாதிரி. மெதுவா எழும்பும், பிறகு நாள் முழுக்க இழுக்கும்” என்றான் அவன்.

அவன் சொன்னது சரி என்று எனக்கு முதலே தெரியும். புதிய டீசல் எங்கள் கைக்கு எட்டாது. புதிய பெற்றோல் வாங்கினால் உழைப்பு முழுவதும் எண்ணெய்த் தாங்கிக்குள் போய்விடும். பாவித்த டீசல்தான் ஒரே வழி. ஆனால் அதை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்த முடியாது. டீசல் சத்தம் என் மனைவிக்கு ஆகாது.

ஆகாது என்றால் காது வலிக்கும் என்றோ தலை இடிக்கும் என்றோ அர்த்தமில்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே குழாய் வேலை செய்கிறவர் ஒருவர் இருந்தார். காலையில் தன் டீசல் யூட்டை ஸ்டார்ட் செய்து, சூடேற விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். அது நின்ற இடத்தில் நின்று உறுமும். அந்த நேரம் என் மனைவி குசினியில் தோசை சுட்டுக்கொண்டிருப்பாள். அகப்பையைக் கையில் பிடித்தபடியே வெளியே போய் வாசலில் நிற்பாள். அந்த வாகனம் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். தோசை கருகி வீடெல்லாம் புகை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். அகப்பையை நான்தான் கையிலிருந்து வாங்கவேண்டும். முதல் முறை பார்த்தபோது எனக்குப் பயம் பிடித்தது. பிறகும் அந்தப் பயம் போகவில்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

காரணம் எனக்குத் தெரியும். கலியாணம் முடித்த புதிதிலேயே சொல்லியிருந்தாள். எண்பதுகளின் நடுவில், ஊரில், ஒரு மத்தியான நேரம் அவர்கள் வீட்டுப் படலையில், அதாவது வேலியின் வாசற்கதவடியில், ஒரு பிக்கப் வந்து நின்றது. யார் வந்தார்கள் என்பதை எங்கள் ஆட்கள் இப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். நானும் எழுதப்போவதில்லை. அவளுடைய அண்ணனை விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி, பின்பெட்டியில் ஏற்றினார்கள். வந்ததிலிருந்து போகும்வரை எஞ்சினை நிறுத்தவே இல்லை. “எஞ்சினை நிப்பாட்டேல்லைத்தானே, அவசரமா வந்திருக்கிறாங்கள், கெதியா விட்டிடுவாங்கள்” என்று சொல்லிக்கொண்டு அவர்களுடைய அம்மா மகனின் சாப்பாட்டை மூடி வைத்தார்.

எங்கள் ஊரில் வீட்டை விட்டுப் புறப்படும் ஒருவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்பார்கள். கடைக்குப் போனாலும் அதுதான், கடல் கடந்து போனாலும் அதுதான். சொல்லாமல் வெளிக்கிட்ட பிள்ளையைப் பாதி வழியில் கூப்பிட்டுச் சொல்லவைத்து அனுப்பும் வீடுகள் உண்டு. அன்றைக்கு மகன் பிக்கப்பில் போனபிறகு அம்மா இவளிடம் கேட்ட முதல் கேள்வி, “அவன் போட்டு வாறன் எண்டவனோ?” என்பதுதான்.

படலையடியில் நின்றவள் இவள் ஒருத்திதான். “அண்ணா, போட்டு வாங்கோ” என்று இவள் கத்தினாள். அண்ணன் திரும்பிப் பார்த்தார். “அவர் சொன்னவர். எஞ்சின் சத்தத்தில எனக்குச் சரியாக் கேக்கேல்லை” என்றுதான் அம்மாவிடம் சொன்னாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகள். அந்த அம்மா கண்ணை மூடும்வரை அந்த ஒரு வாக்கை நம்பித்தான் இருந்தார். அண்ணன் திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை.

ஆகவே நான் டீசல் பேச்சை எடுக்காமல் புதிய பெற்றோல் வாகனம் பார்க்க அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். விற்பனைப் பையன் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் ஓடுகிறதா என்று சந்தேகம் வந்தது. அவ்வளவு மெதுவான சத்தம். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில், “இதை வாங்கினா நீங்கள் பாரம் இழுப்பியளோ?” என்று கேட்டாள்.

“இழுக்கலாம். கொஞ்சம் கஷ்டப்படும்” என்றேன்.

“பொய் சொல்லாதேங்கோ. நீங்களும் உங்கட கூட்டாளியும் கதைச்சது கேட்டனான். எனக்காக ஏன் தொழிலைக் கெடுக்கிறியள்? டீசலைப் பாருங்கோ. நானும் வாறன்.”

“நீர் வரவேண்டாம்” என்றேன்.

“நான்தானே அந்தச் சத்தத்தோட இருக்கப்போறன். நான் வாறன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள்மேல் இல்லை. யார்மேல் என்று இன்றும் தெரியாது.

நகரத்துக்கு வெளியே, பண்ணைகள் தொடங்கும் இடத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரர் தன் டீசல் பிக்கப்பை விற்க விளம்பரம் போட்டிருந்தார். கட்டட வேலை செய்து ஓய்ந்தவர். வாகனத்தைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். நான் குனிந்து அடியைப் பார்த்தேன், எண்ணெய் ஒழுகவில்லை. ரயர்கள் பரவாயில்லை. ரெயிலர் கொளுவும் இடம் உறுதியாக இருந்தது. மனைவியைக் கேற்றடியில் விட்டுவிட்டு நானும் அவரும் ஒரு சுற்று ஓடிப் பார்த்தோம். கிழட்டு வாகனம், ஆனால் ஏற்றத்தில் அது இழுத்த இழுவையில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதுதான் என் வாகனம் என்று மனம் சொல்லிவிட்டது.

திரும்பி வந்து கேற்றுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். சாவியைத் திருப்பக் கை போட்டபோது அவர் தடுத்தார். ஓடி வந்த சூட்டோடு இந்த எஞ்சினை நிறுத்தக்கூடாது, கொஞ்ச நேரம் நின்றபடி ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் டேர்போ பழுதாகிவிடும் என்றார். வாங்கப்போகும் எனக்கு அக்கறையோடு சொன்ன விஷயம். நான் கேற்றைப் பார்த்தேன். அதற்குள்ளே, கம்பியைப் பிடித்தபடி என் மனைவி நின்றாள். வெளியே டீசல் பிக்கப் உறுமிக்கொண்டு நின்றது. டேர்போவும் மண்ணும், நிறுத்திவிடுவோம் என்று மறுபடி கையைக் கொண்டுபோனேன்.

“நிப்பாட்டாதேங்கோ!” என்று கத்திக்கொண்டு அவளே ஓடிவந்தாள். என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். “இறங்கிப் பின்னால ஏறி இருங்கோ.”

“ஏனப்பா?”

“ஏறுங்கோ. கேற்றைப் பாத்து இருங்கோ. நான் அங்க போய் நிண்டு கூப்பிடுவன். நீங்கள் போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ. கத்தக்கூடாது. சாதாரணமாச் சொல்லுங்கோ.”

நான் ஏறினேன். வேறென்ன செய்வது? பெட்டியின் தகரம் அதிர்ந்தது, என் பற்களும் சேர்ந்து அதிர்ந்தன. பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர், இது உங்கள் கோயில் சம்பிரதாயமா என்று கேட்டார். எங்கள் ஆட்கள் புது வாகனத்தின் ரயருக்கடியில் தேசிக்காய் வைத்து நசிப்பதை எங்கேயோ கண்டிருக்கிறாராம். ஓம், அதைப்போலத்தான் என்றேன். அவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை.

அவள் கேற்றுக்குள் போய்த் திரும்பினாள். வாயில் கை குவித்துக் கத்தினாள். என் காதில் எஞ்சினைத் தவிர ஒன்றும் விழவில்லை. ஆனாலும் என்ன சொல்கிறாள் என்று தெரிந்தது. “போட்டு வாறன்” என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தத் தூரத்தில் அவளுக்கு நிச்சயமாகக் கேட்டிருக்காது. அப்பாடா என்று ஒரு நிம்மதி வந்தது எனக்கு. அவள் சொன்னது சரிதானே, இந்தச் சத்தத்தில் யார் சொன்னாலும் கேட்காது, அண்ணன் சொல்லித்தான் இருப்பார், இனி இவளுக்கு மனம் ஆறும் என்று நினைத்தேன்.

அவள் அசையாமல் நின்றாள். பிறகு வெள்ளைக்காரரைப் பார்த்து, நிறுத்துங்கள் என்று கையைக் காட்டினாள். எஞ்சின் நின்றது. எங்கோ தூரத்தில் ஒரு மாடு கத்தியது. அவள் நடந்து வந்து பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“கேக்கேல்லைத்தானே?” என்றேன்.

“கேக்கேல்லை. ஆனா நீங்கள் சொன்னது தெரிஞ்சது.”

“எப்பிடி?”

“உங்கட வாய் அசைஞ்சது. அங்கயிருந்து நல்லாத் தெரியுது.” கேற்றைத் திரும்பிப் பார்த்தாள். “அண்ணன்ர வாய் அசையேல்லை. நான் அவற்ற முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். அவர் என்னைப் பாத்தவர். வாயைத் திறக்கேல்லை.”

நான் பெட்டியின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தேன்.

“அவர் சொன்னவர் எண்டு அம்மாவுக்காகத்தான் சொன்னனான். சொல்லிச் சொல்லிப் பிறகு நானே நம்பியிட்டன். அவருக்குத் தெரிஞ்சிருக்கு, தான் திரும்பி வரமாட்டன் எண்டு. என்னட்டைப் பொய் சொல்ல மனம் வரேல்லைப் போல.” கையால் அந்தத் தகரத்தைத் தடவினாள். “நான் இவ்வளவு காலமும் எஞ்சினில பழியைப் போட்டிட்டன். எஞ்சினில ஒரு பிழையும் இல்லை. இதையே வாங்குவம்.”

பெட்டிக்குள் இருந்தபடியே நான் அழுதேன். அவள் அழவில்லை. வெள்ளைக்காரர் விலையில் கொஞ்சம் குறைத்துத் தந்தார். சம்பிரதாயம் நல்லபடி முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றேன்.

அந்தப் பிக்கப் எங்களைக் கைவிடவில்லை. அதில் மணவறையைக் கட்டிக்கொண்டு பலமுறை சிட்னிக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரரின் யூட் உறுமினாலும் இப்போது தோசை கருகுவதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். நான் வேலைக்குப் புறப்படும்போது மட்டும் அவள் வாசலுக்கு வந்துவிடுவாள். எஞ்சினைப் போட முதலே ‘போட்டு வாறன்’ என்று அவள் காதில் விழும்படி சொல்லிப் பார்த்தேன். அது அவளுக்குப் போதவில்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியபிறகு, கண்ணாடியை இறக்கி, அவள் பக்கம் திரும்பி இன்னொரு முறை சொல்லவேண்டும். காதைக் கொடுத்துக் கேட்கமாட்டாள். என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.