திரும்பாத குட்டி

எண்பதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் ராஜபாளையம் நாய் வளர்த்தவர் அவர். ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டை முழுக்க வெள்ளை முடி. குட்டியைக் கொடுக்கும் முன் அதன் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிப் பார்ப்பார். நான் போன அன்று மூன்று குட்டிகள் திரும்பின. என் மடியில் ஏறிப் படுத்த நான்காவது திரும்பவில்லை.

“இதையே கொடுங்க” என்றேன்.

“இதுக்குக் காது கேக்காது நைனா. பின்னால லாரி ஆரன் அடிச்சாலும் நவுராது. என்னாண்டயே இருக்கட்டும். உள்ள இன்னும் அஞ்சு இப்டி கீது. இதோட அம்மாவ இனிமே ஆம்பள நாயோட சேக்க மாட்டேன்.”

உள்ளே கட்டில் முழுக்க அவை படுத்திருந்தன. தரையில் அவருடைய பாய்.

வேறொரு குட்டியை வாங்கி வந்தேன். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து, பன்னிரண்டு வருடம் எங்களோடு இருந்தது. ஆனாலும் எங்காவது தட்டு விழும் சத்தம் கேட்டால், அவர் தர மறுத்த குட்டியின் சூடு இன்றும் என் மடியில் பரவுகிறது.